பொரிக்காத பத்து முட்டைகள்: லெனேசியா வீடு ஒன்றில் நடந்தது

2022 டிசம்பர் கடைசி வாரத்தில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். டர்பனில் என்னோடு வேலை பார்ப்பவரின் அண்ணன் மகன். வயது 19. லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லி வளர்க்கிறான், ஒரு ஆண், ஒரு பெண். "அண்ணா, பத்து முட்டை. பத்தும் போச்சு. உன் கை ராசி சரியில்லடாங்கறாங்க ஆயா" என்றான்.

"கெட்ட முட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லண்ணா. ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன்."

அந்த ஒரு பதில் இல்லையென்றால் இதை எழுதவே முடியாது. முட்டை கெட்டதும் எல்லோரும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஈரம் அதிகம், சூடு அதிகம், பூஞ்சை என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறோம். உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

பொங்கலுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, காரில் கிளம்பினேன். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரத்துக்கு மேல். பின் சீட்டில் இரண்டு தெர்மாமீட்டர், சமையலறைத் தராசு, டார்ச், நகம் வெட்டும் சிறிய கத்தரிக்கோல்.

முட்டைகள் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தன. இந்த நாட்டில் நம்மவர் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் உள்ளே ஐஸ்கிரீம் இருக்காது என்பது குழந்தைக்கும் தெரியும். பருப்போ, வேகவைத்த பீன்ஸோ இருக்கும். ஆயாவும் பருப்பு என்று நினைத்துத்தான் கிறிஸ்துமஸ் அன்று அதைத் திறந்திருக்கிறார். கை ராசி பற்றிய தீர்ப்பு அப்போது வந்ததுதான்.

வீடும் பெட்டியும்

வெளியறையில் தாத்தா கோழி வளர்த்தவர். கோழி முட்டைக்கென்று வாங்கிய சின்ன பிளாஸ்டிக் இன்குபேட்டர் ஒன்று வைத்திருந்தார். முட்டையைத் தானாகத் திருப்பும் தட்டைக் கழற்றிவிட்டு, அதற்குள் சாப்பாட்டு டப்பாக்களை வைத்து, டப்பாவில் ஈரமான வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் தாதுத் துகள்) போட்டு முட்டைகளைப் பாதி புதைத்திருந்தான் பையன். 28 டிகிரி. மின்சாரம் போனால் தாங்குவதற்கு வைஃபைக்காக வாங்கிய சிறிய பேட்டரிப் பெட்டி. பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு.

லெப்பர்ட் கெக்கோவின் ஊர் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம். வறண்ட பூமிதான், ஆனால் முட்டையிடும்போது தாய் ஈரமான குழியைத் தேடும். நம் வீட்டுச் சுவரில் கடிகாரத்துக்குப் பின்னால் பல்லி ஒட்டிவைக்கும் முட்டை சுண்ணாம்பு மாதிரி கெட்டி ஓடு கொண்டது; யாரும் கவனிக்காமலே பொரிந்துவிடும். லெப்பர்ட் கெக்கோவின் முட்டை அப்படியில்லை. ஓடு தோல் மாதிரி, தொட்டால் அமுங்கும். இட்ட நாளில் மூன்று கிராம் பக்கம் இருக்கும், அப்புறம் சுற்றியுள்ள ஈரத்தை உறிஞ்சி வளரும். ஈரம் கிடைக்காவிட்டால் உள்ளிருப்பதை இழக்கும். சுவர்ப் பல்லி முட்டையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது முதலில் மனதில் ஏறாது.

பையனின் நோட்டுப் புத்தகத்தில் முட்டையிட்ட தேதிகள் தெளிவாக இருந்தன. செப்டம்பர் 5, செப்டம்பர் 29, அக்டோபர் 22, நவம்பர் 12, டிசம்பர் 3. ஒவ்வொரு முறையும் இரண்டு; இந்த இனத்துக்கு அதுதான் வழக்கம். டிசம்பர் 26 அன்று ஆறாவது ஜோடி. அது மட்டும் உயிரோடு பெட்டிக்குள் இருந்தது. மற்றபடி பக்கம் முழுக்க "28, 28, 28" என்று இருந்தது. அந்த நோட்டு பொய் சொல்லவில்லை, ஆனால் முக்கியமான ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் ஜோடி

பழைய செய்தித்தாளை விரித்து, தட்டில் வைத்து உருகவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் ஜோடியில் மஞ்சள் கரு மட்டும். ஒரு நரம்பு கூட இல்லை. கருவுறாத முட்டை.

பையனிடம் அன்றைக்கே எடுத்த போட்டோவும் இருந்தது. இருட்டில் போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தால் கருவுற்ற முட்டையில் நாலைந்து நாளில் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு வட்டம் தெரியும். பிறகு அதிலிருந்து நரம்புகள் கிளைவிடும். கருவுறாதது பழைய குண்டு பல்பு மாதிரி ஒரே மஞ்சளாக ஒளிரும். இவன் போட்டோவில் பல்புதான். முதல் தடவை முட்டையிடும் பெண்ணுக்கு முதல் ஜோடி இப்படிப் போவது சகஜம். இதில் யார் தப்பும் இல்லை.

இரண்டாவது ஜோடி: ஒன்று என்னால், ஒன்று தாத்தாவால்

செப்டம்பர் 29 முட்டைகள் இரண்டிலும் பொட்டு தெரிந்திருக்கிறது. ஒன்று இப்போது காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கிக் கிடந்தது. உள்ளே ஓட்டோடு ஒட்டிப்போன கரு, மூன்று வாரம் வளர்ந்தது.

இதைத் திறக்கும்போது பையன் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஏனென்றால் அக்டோபர் நடுவில் அவன் போன் செய்து "அண்ணா, முட்டை மேல குழி விழுது, தண்ணி ஊத்தவா?" என்று கேட்டபோது, "வேணாம், ஈரம் ஜாஸ்தியானா பூஞ்சை பிடிக்கும். நான் இங்க மூடியில எட்டு ஓட்டை போட்டு வெச்சிருக்கேன், தண்ணியே சேர்க்கிறதில்ல" என்று சொன்னவன் நான்.

நான் இருப்பது டர்பன். கடலோரம். உப்பு ஜாடியில் உப்பு கசியும் ஊர். எட்டு ஓட்டை போட்டாலும் டப்பா காயாது. லெனேசியா இருப்பது ஜோகன்னஸ்பர்க் மேட்டுநிலத்தில். அங்கே மழை வருவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை. அதற்கு முந்தைய மாதங்களில் காற்றில் ஈரமே இருக்காது. "ஆகஸ்ட், செப்டம்பர்ல கார் கதவைத் தொட்டாலே சுள்ளுனு ஷாக் அடிக்கும்ணா" என்று பையனே சொன்னான். அந்தக் காற்றில், இன்குபேட்டர் விசிறிக்குக் கீழே, எட்டு ஓட்டை போட்ட டப்பா. துணி காயப்போட்ட மாதிரிதான்.

குழி விழுவது எப்போதும் கெட்ட சகுனம் இல்லை. பொரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் முட்டை வியர்த்து அமுங்கும். மூன்றாவது வாரத்தில் அமுங்கினால் அது தாகம். அன்றைக்கே டப்பாவின் ஓரத்தில், முட்டை மேல் படாமல், தண்ணீர் விட்டிருந்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ முட்டை மறுபடி புடைத்திருக்கும். நான் எத்தனையோ முறை பார்த்தது. கேட்டவனின் ஊர் எது என்று யோசிக்காமல் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அதே ஜோடியின் இன்னொரு முட்டை சுருங்கவில்லை. குண்டாகத்தான் இருந்தது. உள்ளே பத்து நாள் கரு கூட இருக்காது, கலைந்த மாதிரி கிடந்தது. வெளியே திருப்பிப் பார்த்தால் பென்சிலால் போட்ட சின்னப் பெருக்கல் குறி. மேல் பக்கம் எது என்று மறக்காமலிருக்கப் பையன் போட்டது. ஃப்ரீசரில் வைக்குமுன் அவன் எடுத்த போட்டோவில் அந்தக் குறி காணவில்லை. அதாவது அடிப்பக்கம் போயிருந்தது.

தாத்தா மறைக்கவே இல்லை. "நான்தான் திருப்பினேன் தம்பி. காலையில, மத்தியானம், ராத்திரி. திருப்பலேன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கும். நாப்பது வருஷமா கோழி பொரிக்கறேன்." புதைந்து கிடந்த மற்ற முட்டை அவர் கைக்கு எட்டவில்லையாம்.

கோழிக்கு அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பறவை முட்டையில் மஞ்சள் கருவை இரு பக்கமும் பிடித்துத் தொங்கவிடும் கயிறு மாதிரி ஒன்று உண்டு. முட்டை உருண்டாலும் கரு மேலே வந்து நிற்கும், தாய்க்கோழியும் உருட்டிக்கொண்டே இருக்கும். பல்லி முட்டையில் அந்தக் கயிறு கிடையாது. முதல் ஓரிரு நாளிலேயே கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டி நிலைகொள்கிறது, காட்டில் அதைத் திருப்பவும் யாரும் இல்லை. ஒரு தடவை தவறிப் புரண்டால் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு பயம் கிடையாது, கீழே விழுந்து உருண்ட முட்டையும் எனக்குப் பொரிந்திருக்கிறது. ஆனால் முதல் வாரத்திலிருந்து தினம் மூன்று வேளை என்றால் அது வேறு.

இது தெரிந்த பிறகு அக்டோபரிலேயே பையன் இன்குபேட்டர் மூடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான்: "தாத்தா தோடாதீங்க". தாத்தா வார இறுதியில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பவர். தொடாமல் இருந்தார், ஆனால் சிவப்புப் பேனாவால் "தோ"வை "தொ"வாகத் திருத்தியிருந்தார்.

மூன்று ஜோடி, மூன்று வயது

மீதி ஆறு முட்டைகளைப் பற்றித்தான் பையனுக்குக் குழப்பம். ஈரத்தைச் சரிசெய்துவிட்டான், மழையும் வந்துவிட்டது, தாத்தாவும் கை வைக்கவில்லை. பிறகும் ஆறும் போயின. ஒவ்வொன்றும் கெட்டது தெரிந்த நாள் வேறு வேறு. ஐந்தாவது ஜோடி டிசம்பர் 15 வாக்கில் பூஞ்சை பூத்தது. நான்காவது 18ஆம் தேதி டார்ச் அடித்தபோது பழுப்பாகத் தெரிந்தது. மூன்றாவது ஜோடி அமுங்கியதைப் பார்த்து, "பொரியப் போகுது" என்று சந்தோஷமாகக் காத்திருந்து, நாற்றம் வந்த பிறகு கிறிஸ்துமஸுக்கு முன் கைவிட்டான். அதனால் மூன்றுக்கும் மூன்று காரணம் வைத்திருந்தான்: பூஞ்சை, கருவுறாமை, ஆக்சிஜன் குறைவு.

பூஞ்சையை முதலில் தள்ளிவிடலாம். உயிருள்ள முட்டையின் மேல் பூஞ்சை எளிதில் ஏறாது, ஏறினாலும் துடைத்தால் போகும். செத்த முட்டைக்கு அது கழுகு மாதிரி வருகிற விருந்தாளி.

திறந்தோம். மூன்றாவது ஜோடியில் முழுதாக உருவான குட்டிகள். ஒன்றைக் கத்தரியின் நுனியால் நிமிர்த்தி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். முதுகில் கறுப்புப் பட்டை ஏறிவிட்டது, விரல்கள் தனித்தனியாக, கண்ணிமை மூடியபடி. சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, இந்த இனத்துக்கு உண்டு. வயிற்றுக்கு வெளியே மஞ்சள் கருப் பை இன்னும் பட்டாணி அளவு தொங்கியது. பொரிகிற நாள் நெருங்கினால் அது உள்ளே இழுபட்டிருக்கும். 28 டிகிரியில் இந்த முட்டைகளுக்கு 50 முதல் 60 நாள் கணக்கு. இது 45 தாண்டி 50 எட்டாதது. நான்காவது ஜோடியில் கண் பெரிய கறுப்புப் புள்ளி, கால்களில் விரல் பிரிகிற நிலை, பட்டை எதுவும் இல்லை. 25 நாள் பக்கம். ஐந்தாவது ஜோடியில் ஒரு சிவப்புக் கறை, அரிசி நுனி அளவு ஏதோ ஒன்று. ஒரு வாரத்துக்குள்.

கரு செத்த நாளோடு வளர்ச்சி நின்றுவிடும். அதற்குப் பிறகு ஓடு பழுக்கவும் பூஞ்சை பூக்கவும் இரண்டு வாரம் கூட ஆகும். செத்த நாள் வேறு, நமக்குத் தெரிந்த நாள் வேறு. நாம் எப்போதும் தெரிந்த நாளைத்தான் பிடித்துக்கொண்டு காரணம் தேடுகிறோம்.

நோட்டை எடுத்து முட்டையிட்ட தேதியோடு வயதைக் கூட்டினேன். அக்டோபர் 22உடன் 47. நவம்பர் 12உடன் 26. டிசம்பர் 3உடன் 5. மூன்றும் டிசம்பர் 8ஐச் சுற்றி வந்து நின்றன. இரண்டு மூன்று நாள் முன்பின் இருக்கலாம். ஆனால் டிசம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை அவன் எடுத்த போட்டோவில் நான்காவது ஜோடி நரம்போடு ஜோராக இருக்கிறது.

"அந்த வாரம் என்னடா நடந்துச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "வியாழக்கிழமை ராத்திரி வேலை முடிஞ்சு வந்து பார்த்தப்ப 38னு காட்டுச்சு. உடனே 28க்கு மாத்திட்டேன். முட்டை நல்லாத்தான் இருந்துச்சு, அதான் எழுதல."

வியாழக்கிழமை என்பது 8ஆம் தேதி.

38 எங்கிருந்து வந்தது

2022இல் இந்த நாட்டில் 200 நாட்களுக்கு மேல் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு. டிசம்பரில் ஆறாம் கட்டம்; கட்டம் ஏற ஏற வெட்டும் கூடும். மற்ற நாட்களில் இரண்டு மணி நேரம் போய்விட்டு வரும் மின்சாரம் அந்த வாரத்தில் சில இரவு நான்கு மணி நேரம் போனது. வைஃபை பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குத் தாங்கும், நான்குக்குத் தாங்காது. இத்தனை மாதமும் பெட்டி அணையவே இல்லை. அன்றுதான் முதல் தடவை அணைந்திருக்கிறது.

ஆறாவது ஜோடியை வெளியே எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கினேன். தாத்தா, பையன், வாசலில் கையில் கரண்டியோடு ஆயா. இரண்டு நிமிடம் கழித்துப் பிளக்கைச் செருகினேன். திரை மினுக்கியது. உள்ளே இருந்த சூடு 27 என்று காட்டியது. அமைப்பு எத்தனை என்று பொத்தானை அழுத்தினால் 38.

கோழி முட்டைக்கான பெட்டி அது. மின்சாரம் போய் வந்தால் கோழிக்குரிய சூட்டுக்கே திரும்புகிறது. தாத்தா இத்தனை வருடம் கவனிக்காததில் ஆச்சரியமில்லை. அவருக்கு வேண்டியதே அதுதான். வியாழக்கிழமை விடியற்காலை பையன் ஆறு மணிக்கு முன்பே கடை வேலைக்குக் கிளம்பிவிட்டான், அதற்குப் பிறகு மின்சாரம் வந்திருக்கிறது, இரவு ஏழு மணிக்குத் திரும்பியிருக்கிறான். பதின்மூன்று மணி நேரம்.

மின்வெட்டு என்றதும் எல்லோரும் பயப்படுவது குளிருக்கு. போர்வை சுற்றுவார்கள், வெந்நீர் பாட்டில் வைப்பார்கள். சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு இறங்குவதால் இந்தக் கரு சாகாது; வளர்ச்சி மெதுவாகும், பொரிவது தள்ளிப்போகும், அவ்வளவே. மேலே ஏறுவதுதான் கொல்லும். இந்த இனத்தில் சூடு ஆணா பெண்ணா என்பதையே தீர்மானிக்கிறது: 26இல் ஏறக்குறைய எல்லாம் பெண், 32, 33இல் பெரும்பாலும் ஆண், 34இல் மறுபடி பெண். ஆண் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஏற்றுகிறவர்கள் விளிம்பில் நடக்கிறார்கள். 38 விளிம்பைத் தாண்டிய இடம்.

பெட்டியின் தெர்மாமீட்டரையும் சோதித்தோம். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் உணரியை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிநீரில் சோதிக்கலாமே என்றான் பையன். கடலோரத்தில் சரி, லெனேசியா உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும், அதை 100 என்று நம்பினால் இன்னொரு தப்பு சேரும். ஐஸ் எங்கேயும் ஐஸ்தான். பெட்டியின் கருவி அரை டிகிரிதான் பிசகியது. ஆனால் நடுவில் 28 இருந்தபோது மூலையில் 30 தாண்டியது, டப்பாவை நடுவுக்கு நகர்த்தினோம்.

ஆறாவது ஜோடி

மூடியில் இரண்டு ஓட்டைகளை மட்டும் விட்டு மற்றதை டேப்பால் ஒட்டினோம். டப்பாவை முட்டையோடு தராசில் வைத்து எடையை மூடியிலேயே எழுதச் சொன்னேன். வாரம் ஒரு முறை எடை போட வேண்டும், எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை மில்லி தண்ணீரை ஓரமாக விட வேண்டும். டர்பன்காரன் சொல்கிறானே என்று பார்க்க வேண்டாம், தராசு சொல்வதைச் செய் என்றேன். பழைய இன்குபேட்டரைத் தாத்தாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் ஹீட்டிங் பேடும், மின்சாரம் போனாலும் அமைப்பை மறக்காத தெர்மோஸ்டாட்டும் வைத்தோம். வாங்கியதும் அதே பிளக் சோதனையைத்தான் முதலில் செய்தோம்.

எனக்குப் பிடிக்காதது முட்டையின் ஓடு. டார்ச்சில் நரம்பு அழகாக ஓடியது, ஆனால் ஒரு முட்டையில் அங்கங்கே ஜன்னல் மாதிரி மெலிந்த திட்டுகள். தாயைத் தராசில் வைத்தோம். செப்டம்பரில் 62 கிராம் என்று எழுதியிருந்தவள் இப்போது 47. கொழுப்பைச் சேர்த்து வைக்கும் வால் மெலிந்து எலும்பு தெரிந்தது. பூச்சிகளுக்குக் கால்சியம் பொடி தூவுவது நினைவிருக்கும்போது மட்டும். அந்தப் பொடியிலும் வைட்டமின் டி3 இல்லை, கூண்டில் புற ஊதா விளக்கும் இல்லை. டி3 இல்லாமல் தின்ற கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. அதற்கு மேல் ஆணைச் செப்டம்பரிலிருந்து கூடவே விட்டிருந்தான். தேவையே இல்லை, பெண் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும், ஒரு தடவை கூடியதில் பல ஜோடி முட்டை கருவுறும். அன்று சாயங்காலமே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றினோம்.

பிப்ரவரி 21, 57ஆம் நாள், ஒரு போட்டோ வந்தது. ஓட்டில் கீறல், கீறலுக்கு வெளியே மூக்கு. சாயங்காலம் இன்னொரு போட்டோ: கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட குட்டி, 3 கிராம், ஈரமான பேப்பர் டவல் மேல்.

மெலிந்த திட்டு இருந்த முட்டை ஓட்டைக் கீறியது, வெளியே வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே திறந்து பார்த்து எழுதி அனுப்பினான்: குட்டி முழுசு, மஞ்சள் கரு உள்ளே போய்விட்டது, கீழ்த்தாடை ரப்பர் மாதிரி வளைகிறது. தாய்க்கு இந்த வருடம் இனி ஆண் கிடையாது, எடை 60 ஆகும்வரை அடுத்த வருடமும் கிடையாது என்று கூடவே எழுதியிருந்தான். நான் கேட்காமலே.

குட்டியின் போட்டோவில் பின்னால் தெர்மோகோல் பெட்டியின் மூடி தெரிந்தது. பழைய தாளை அதில் ஒட்டியிருக்கிறான், சிவப்புத் திருத்தத்தோடு. அதற்குக் கீழே தாத்தாவின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி: "கரண்ட் வந்ததும் நம்பரைப் பார்க்கவும்."